இரண்டு நாள் போதும். அவசரம் மட்டும் வேண்டாம்!

தென்காசி - குற்றாலம்: முதல் முறை போகிறவர்களுக்கு

குற்றாலம்!

இந்தப் பெயரைக் கேட்டதுமே உடம்பு குளிரும். ஆனி, ஆடி மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அங்கே போகவேண்டும் என்று ஆசை வந்துவிடும்.

ஆசை நல்லதுதான். ஆனால் பலர் எப்படிப் போகிறார்கள்?

நள்ளிரவில் வேன் பிடிக்கிறார்கள். விடியும்போது பேரருவி. எட்டு மணிக்கு ஐந்தருவி. பத்து மணிக்குப் பழைய குற்றாலம். நடுப்பகலில் ஓட்டல். அப்புறம் ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ். மாலை மூன்று மணிக்கு வேன் திரும்பிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்: "குற்றாலம் எப்படி இருந்தது?"

"ஒரே கூட்டம்!" என்கிறார்கள்.

உண்மைதான். அவர்கள் பார்த்தது கூட்டத்தை மட்டுந்தான். அவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள்தானே!

சீசனில் தென்காசியும் குற்றாலமும் பரபரப்பான ஊர்கள். தெருவெல்லாம் வண்டி. கடையெல்லாம் ஜனம். ஆனால் அந்தப் பரபரப்புக்குள்ளேயே நிதானமான இன்னொரு ஊர் இருக்கிறது. அதைப் பார்க்கப் பணம் அதிகம் வேண்டாம். இரண்டு நாளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

சாரல் எப்படி வருகிறது?

முதலில் ஒரு கேள்வி. ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காய்கிறது. அப்போது தென்காசிப் பக்கம் மட்டும் ஏன் சாரல் அடிக்கிறது?

தென்மேற்குப் பருவமழை அரபிக் கடலில் இருந்து கேரளத்தின்மேல் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய மதில்போல் அதைத் தடுக்கிறது. மழை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் மேகம் வெறுங்கையோடு வருகிறது.

ஆனால் அந்த மதிலில் சில இடங்களில் இடைவெளி உண்டு. செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய் அப்படிப்பட்ட ஓர் இடைவெளி. அந்த வழியாகக் காற்று புகுந்து வருகிறது. வரும்போது மேகத்தின் ஈரத்தையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வருகிறது. அதுதான் சாரல்.

சாரல் என்பது மழை அல்ல. குடை பிடித்தால் காற்று குடையை மடக்கும். குடை இல்லாமல் நடந்தால் தலை மட்டும் நனையும். ஐந்து நிமிடம் தூறும், பத்து நிமிடம் வெயில் அடிக்கும், மறுபடியும் தூறும். இந்த விளையாட்டு நாள் முழுவதும் நடக்கும்.

ஜூன் மாதம் தொடங்கும் சீசன் ஆகஸ்டு, செப்டம்பர் வரை இருக்கும். ஆனால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் சாரல் முன்னால் வரும். சில ஆண்டுகளில் ஏமாற்றும். ஆகவே புறப்படும் முன்பு தண்ணீர் விழுகிறதா என்று பத்திரிகையில் பார்த்துக்கொள்வது நல்லது. சனி, ஞாயிறை விட்டுவிட்டு வார நாளில் போனால் கூட்டம் பாதியாகக் குறையும்.

ரெயில் நின்றதும் மலை தெரியும்

சென்னையில் இருந்து போகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவில் ஏறினால் மறுநாள் காலை தென்காசியில் இறங்கலாம். திருநெல்வேலியில் இருந்தும் ரெயில் உண்டு, பஸ்சும் உண்டு. தூரம் சுமார் 50 கிலோ மீட்டர்.

தென்காசி இப்போது மாவட்டத் தலைநகரம். திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்து 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி தென்காசி மாவட்டம் உதயமாயிற்று. கலெக்டர் அலுவலகம், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடைகள் என்று ஊர் எப்போதும் சுறுசுறுப்பாக இருக்கும்.

ரெயிலை விட்டு இறங்கியதும் மேற்கே பார்த்தால் மலை தெரியும். உச்சியில் மேகம் தலைப்பாகை கட்டியிருக்கும்.

உடனே ஆட்டோ பிடித்து அருவிக்கு ஓடத் தோன்றும். ஓடவேண்டாம்! அருவி அங்கேயேதான் இருக்கும். தென்காசியிலேயே ஓர் அறை எடுத்துக் குளித்துவிட்டு, காலை இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கோவிலுக்குப் போவதுதான் சரி. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலை நேரமே ஏற்றது.

கோபுர வாசலில் காற்று

காசி விசுவநாதர் கோவிலின் ராஜகோபுரம் ஒன்பது நிலை கொண்டது. உயரம் சுமார் 180 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

சாரல் காலத்தில் அந்தக் கோபுர வாசலில் வீசும் காற்றை அனுபவிக்க வேண்டும். வாசலில் நுழையும்போது காற்று எதிரே வந்து முகத்தில் அடிக்கும். சேலைத் தலைப்பு பறக்கும். குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கும். உள்ளே போன பிறகு காற்று பின்னால் இருந்து தள்ளுவதுபோல் இருக்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். "சாமியே கூப்பிட்டு உள்ளே விடுதாரு" என்று பாட்டிமார் விளக்கம் சொல்வது உண்டு.

வாசலில் ஒரு நிமிடம் நிற்காமல் ஓடுகிறவர்களுக்கு இந்தக் காற்று கிடைப்பதில்லை.

ஒரு மன்னனின் வேண்டுகோள்

இந்தக் கோவிலைக் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். மதுரையை விட்டுத் தெற்கே வந்து, தென்காசியில் இருந்து அரசாண்ட பாண்டியர்களில் அவன் சிறந்தவன்.

அவனுடைய கனவில் சிவபெருமான் தோன்றினார். எறும்புகள் ஊர்ந்து போகும் வழியில் சென்று, சிற்றாற்றின் கரையில் கோவில் கட்டும்படி சொன்னார். வடக்கே காசிக்குப் போக முடியாதவர்கள் தெற்கே ஒரு காசியில் கும்பிடட்டும் என்று மன்னன் கோவில் எழுப்பினான். இப்படிச் சொல்கிறது தல வரலாறு. தெற்கே உள்ள காசி என்பதால் தென்காசி.

1446-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. கோவில் எழுந்தது. கோபுர வேலையும் ஆரம்பமாயிற்று. ஆனால் கோபுரம் முடிவதைப் பார்க்கும் பாக்கியம் மன்னனுக்கு இல்லை. 1463-ல் அவன் கண்ணை மூடினான். அவனுடைய தம்பி குலசேகர பாண்டியன்தான் மீதி வேலையை முடித்தான்.

பராக்கிரம பாண்டியன் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனான். அதுதான் அதிசயம்.

அவன் ஒரு வேண்டுகோளைக் கல்லில் வெட்டச் செய்தான். 'காலப்போக்கில் இந்தக் கோவிலுக்குக் குறை வரலாம். அப்போது அதைச் சரி செய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவர் காலில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன்.' இதுதான் அதன் கருத்து.

நாடாளும் மன்னன், இன்னும் பிறக்காத யாரோ ஒருவர் காலில் விழுகிறான்!

அவன் பயந்தபடியே நடந்தது. 19-ம் நூற்றாண்டில் கோபுரம் தீக்கு இரையானது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மேல்பாகம் இல்லாமல் மொட்டைக் கோபுரமாக நின்றது. எத்தனையோ தலைமுறைகள் அதை மொட்டையாகவே பார்த்து மறைந்தன. கடைசியில் பா.சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் புதிய கோபுரம் எழுந்தது. 1990-ல் குடமுழுக்கு நடந்தது.

இன்று அண்ணாந்து பார்க்கும் கோபுரம் அதுதான். அடியில் பழைய கல். மேலே புதிய வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட காத்திருப்பு.

உள்ளே மண்டபத்துச் சிற்பங்களையும் பார்க்க வேண்டும். வீரபத்திரர், ரதி, மன்மதன் எல்லாம் கல்லில் உயிரோடு நிற்கிறார்கள். சிலையின் விரல் நகத்தையும் காதுத் தோட்டையும் குழந்தைகளுக்குக் காட்டினால் அரை மணி நேரம் போவது தெரியாது. அம்மன் பெயர் உலகம்மன். தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு ஓர் உலகம்மாள் இருப்பாள். காரணம் இவள்தான்.

முதல் நாள் மாலை: குளிக்காமல் ஒரு பார்வை

மதியச் சாப்பாடு, சிறு தூக்கம். அப்புறம் குற்றாலம் போகலாம். டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. தூரம் ஐந்து கிலோ மீட்டர்தான்.

வழியில் மேலகரம் என்று ஓர் ஊர் வரும். பஸ் நிற்பதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆனால் தமிழ் படித்தவர்கள் அந்த ஊரைக் கும்பிட வேண்டும். 18-ம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயரின் ஊர் அது. குற்றாலத்து மலை, குரங்கு, தேன், பலா எல்லாவற்றையும் அவர் பாட்டில் ஓடவிட்டார். அருவியைப் பார்க்காதவர்கள்கூட அவர் பாட்டில் அருவியைப் பார்த்தார்கள்.

குற்றாலத்தில் இறங்கினால் இரைச்சல் முதலில் வரும். அருவி பிறகுதான் தெரியும்.

முதல் நாள் மாலையில் குளிக்க வேண்டாம். வெறுமனே நின்று பார்ப்போம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். 'குற்றாலம் வந்து குளிக்காமலா?' என்று கேட்கலாம். குளிக்கும்போது அருவி தலைமேல் இருக்கும், கண் மூடியிருக்கும். அருவியைப் பார்க்க ஒரு நேரம் தனியாக வேண்டும்.

பேரருவியின் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? மலை உச்சியில் உற்பத்தியாகும் சிற்றாறு, காட்டுக்குள் தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து, பிறகு இங்கே பேரருவியாகக் கொட்டுகிறது. மேலே இருந்து விழும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. பாதி வழியில் பாறையில் உள்ள ஓர் ஆழமான பள்ளத்தில் விழுகிறது. அங்கே பொங்கி, வேகம் தணிந்து, அப்புறம் விரிந்து கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குப் 'பொங்குமாங்கடல்' என்று பெயர்.

இந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் அந்த உயரத்தில் இருந்து வரும் தண்ணீரின் அடியை மனித உடம்பு தாங்காது. அருவியே பாதி வழியில் கொஞ்சம் நிதானித்து வருவதால்தான் நாம் அதில் தலையைக் கொடுக்க முடிகிறது!

அருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோவில். சங்கு வடிவத்தில் அமைந்த கோவில். திருமாலாக இருந்த மூர்த்தியை அகத்தியர் சிவலிங்கமாக மாற்றினார் என்பது புராணம். அம்மன் பெயர் குழல்வாய்மொழி. புல்லாங்குழல்போல் இனிய பேச்சுடையவள் என்று பொருள். பெயரிலேயே சங்கீதம் இருக்கிறது. இங்கே தல மரம் குறும்பலா.

கோவிலில் இருந்து சற்றுத் தள்ளிச் சித்திர சபை இருக்கிறது. வேனில் வருகிறவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பார்த்தால் அதிகம்.

நடராசப் பெருமானுக்கு ஐந்து சபைகள் உண்டு. சிதம்பரத்தில் பொற்சபை; மதுரையில் வெள்ளி சபை; திருநெல்வேலியில் தாமிர சபை; திருவாலங்காட்டில் இரத்தின சபை; ஐந்தாவது குற்றாலத்துச் சித்திர சபை. மற்ற இடங்களில் சாமி சிலையாக ஆடுகிறார். இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றிலும் புராணக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. முன்னால் தெப்பக்குளம். அக்கம் பக்கத்தில் அமைதி.

அருவிக் கரையில் ஆயிரம் பேர் நிற்கும்போது, கூப்பிடு தூரத்தில் இந்த அமைதி சும்மா கிடக்கிறது!

இரண்டாம் நாள் விடியல்: இப்போது குளிக்கலாம்

அருவியில் குளிக்க நல்ல நேரம் விடியற்காலை. வெளியூர் வண்டிகள் வந்து சேரும் முன்பு, ஊர்க்காரர்களும் வியாபாரிகளும் மட்டும் இருக்கும் நேரம் அது. எந்த அருவியில் எந்த நேரத்தில் அனுமதி என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஐந்தருவியிலும் அப்படியே, ஐந்து கிளைகளையும் ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் முறை குளிப்பவர்கள் நேராக நடு அருவிக்குப் போகக்கூடாது. ஓரத்தில் நின்று காலை நனைக்க வேண்டும். பிறகு முதுகைக் கொடுக்க வேண்டும். கடைசியில்தான் தலை. முதல் அடி விழும்போது மூச்சு முட்டும். இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். அதன்பிறகு வெளியே வர மனம் வராது.

குழந்தைகளின் கையை விடக்கூடாது. பாறை வழுக்கும். கழுத்துச் சங்கிலியையும் கம்மலையும் அறையிலேயே பத்திரப்படுத்துவது நல்லது. நெஞ்சு வலி, ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் வேகமான தண்ணீரில் நிற்காமல், ஓரச் சாரலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. எண்ணெய், சோப்பு, சீயக்காய், ஷாம்பு எதுவும் கூடாது. முன்பெல்லாம் அருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்பது வழக்கமாக இருந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்துவிட்டது.

ஏன் தடை? நம் தலையில் விழும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறாக ஓடுகிறது. வழியில் அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, நெல் வயலுக்குப் பாய்கிறது. மீதி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே ஒருவர் தேய்த்த சோப்பு, கீழே இன்னொருவர் வயலுக்குப் போகிறது.

தடை போட்டால் என்ன செய்வது?

இங்கேதான் அவசரக்காரர்களுக்குச் சோதனை.

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த வளைவையும் தாண்டிக் கொட்டினால் வெள்ளம் அதிகம் என்று அர்த்தம். உடனே போலீசார் எல்லோரையும் வெளியேற்றித் தடை போடுவார்கள். தடை ஒரு மணி நேரத்தில் நீங்கலாம். ஒரு நாள் முழுவதும் நீடிக்கலாம்.

வேனில் வந்தவர்களுக்குக் கோபம் வரும்.

"இருநூறு மைல் வந்திருக்கோம். ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போயிடுறோம் சார்!" என்று கெஞ்சுவார்கள். "இங்கே மழையே இல்லையே! எதுக்குத் தடை?" என்று வாதாடுவார்கள்.

மழை இங்கே இருக்க வேண்டியது இல்லை. மேலே காட்டுக்குள் பெய்தால் போதும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பாய்ந்து வந்துவிடும்.

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி அப்படித்தான் நடந்தது. சீசனே இன்னும் தொடங்கவில்லை. கோடை மழையில் பழைய குற்றால அருவியில் தண்ணீர் விழுந்ததால் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டு வெள்ளம் வந்தது. ஆட்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு உடல்தான் கிடைத்தது.

விடுமுறைக்குக் குளிக்க வந்த பிள்ளை! பெற்றவர்கள் பட்ட வேதனையைச் சொல்ல வார்த்தை இல்லை.

அதனால்தான் போலீசார் விசில் ஊதினால் யாரும் 'இன்னும் ஒரு நிமிடம்' என்று கேட்கக்கூடாது. தண்ணீர் திடீரென்று கலங்கலாக வந்தாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும்.

செண்பகாதேவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே போகவே கூடாது. குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

சிப்ஸ் கடைக்காரரிடம் யாராவது போய்க் கேட்பார்கள்: "இன்னைக்குக் குளிக்க விடுவாங்களா அண்ணாச்சி?"

அவர் மலையைக் காட்டுவார். "மேகம் இறங்கியிருக்குல்லா? கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

அந்த ஊரின் அறிவுரை அவ்வளவுதான். இரண்டு நாள் கையில் வைத்திருப்பவருக்கு அது நல்ல அறிவுரை. மூன்று மணிக்கு வேன் புறப்படும் என்று கடிகாரம் பார்ப்பவருக்கு அது வேப்பங்காய்.

காத்திருக்கும் நேரத்தில்

காத்திருக்கும் நேரம் வீண் நேரம் அல்ல.

கடைத்தெருவில் பழங்களைப் பார்க்கலாம். வெளியூரில் எளிதில் கிடைக்காத மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் சீசனில் இங்கே குவியும். மங்குஸ்தான் தோல் கறுத்த சிவப்பு; உள்ளே சுளை வெள்ளை. ரம்புட்டான் முடி முளைத்த பழம்போல் இருக்கும். குழந்தைகள் முதலில் பயப்படும். பிறகு தின்று தீர்க்கும். பழத்தைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன!

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் வெண்ணமடைக் குளத்தில் படகு விடுகிறார்கள். மலையின் நிழல் தண்ணீரில் விழும். சாரல் நேரத்தில் படகில் உட்கார்ந்திருப்பது தனி இன்பம். சீசனில் அரசாங்கம் நடத்தும் சாரல் விழாவும் உண்டு. கலை நிகழ்ச்சிகள் நடக்கும்.

இலக்கியத்தில் விருப்பம் உள்ளவர்கள் ரசிகமணியை நினைத்துக்கொள்ளலாம். டி.கே.சி. என்று எல்லோரும் அழைத்த டி.கே.சிதம்பரநாத முதலியார் 1882-ல் பிறந்தவர். வாழ்க்கையின் பிற்பகுதியைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்கு வருவார்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், அவர் அடுத்த பாட்டுக்கு ஓடமாட்டார். அந்த ஒரு பாட்டையே நாக்கில் வைத்துச் சுவைப்பார். எதிரே இருப்பவரையும் சுவைக்க வைப்பார். விருந்தும் அப்படித்தான், இலையில் எது விழுந்தாலும் அதன் சுவையைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட வைப்பார். 1954-ல் அவர் மறைந்தார். அவருடைய நினைவிடம் குற்றாலத்தில் இருக்கிறது.

நிதானமாக ரசிப்பது எப்படி என்று தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

வயிற்றுக்கு

அருவியில் குளித்தால் பசி கொல்லும். ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது எங்கே போயிற்று என்றே தெரியாது.

கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் கிடைக்கும். நனைந்த உடம்புக்கு அதைவிட மருந்து இல்லை. செங்கோட்டை அருகே பிரானூரில் 'பார்டர்' என்று ஓர் இடம். பழைய திருவிதாங்கூர் எல்லை என்பதால் அந்தப் பெயர். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பரோட்டாவுக்கும் கோழிக்கும் அங்கே தேடிப் போகிறார்கள். சைவர்களுக்குத் தென்காசியில் நல்ல சாப்பாட்டு ஓட்டல்கள் உண்டு.

சீசனில் அறை வாடகை ஏறிவிடும். குற்றாலத்தில் அறை கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். தென்காசியில் தங்கி, பஸ்சில் வந்து போகலாம். செலவும் குறையும், இரவில் நல்ல தூக்கமும் கிடைக்கும்.

திரும்பும் முன் செங்கோட்டை

இரண்டாம் நாள் மாலை ரெயிலுக்கு நேரம் இருந்தால் செங்கோட்டையை எட்டிப் பார்க்கலாம். தென்காசியில் இருந்து எட்டு கிலோ மீட்டர் அளவுதான். குற்றாலத்தில் இருந்து போனால் வழியில் இலஞ்சி. அங்கே முருகன் கோவில் இருக்கிறது. சுற்றிலும் வயலும் தென்னையும்.

செங்கோட்டை, 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த ஊரில் பிறந்தவன் வீரன் வாஞ்சிநாதன். 1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவன். செங்கோட்டையில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போகும் ரெயில் பாதையும் இங்கே இருந்துதான் ஏறுகிறது. 1904-ல் போட்ட பாதை. மீட்டர் பாதையாக இருந்ததை அகலப்பாதையாக மாற்றி, 2018-ல் மறுபடியும் முழுமையாக ரெயில் விட்டார்கள். குகையும் பாலமும் நிறைந்த அந்தப் பயணத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆமாம், அடுத்த முறைக்கு! எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்து முடித்துவிட்டால், மறுபடியும் வர என்ன காரணம் இருக்கும்?

கணக்குப் பார்த்தால்

இரண்டு நாளில் பார்த்தது என்ன? ஒரு கோபுரம், ஓர் அருவி, ஓவியச் சபை ஒன்று, குளம் ஒன்று, பக்கத்து ஊர் ஒன்று. எண்ணிக்கை குறைவுதான். வேனில் வந்தவர் ஒரே பகலில் இதைவிட அதிகம் பார்த்திருப்பார்.

ஆனால் பத்து ஆண்டு கழித்துக் குழந்தைகளைக் கேட்டால், கோபுர வாசலில் காற்று பாவாடையைத் தூக்கியதும், குரங்கு பழத்தைப் பறித்ததும், முதல் முதலாக அருவி முதுகில் அறைந்ததும் நினைவில் இருக்கும். ஓடினவர்களுக்கு ஓடினது மட்டுந்தான் நினைவிருக்கும்.

புறப்படும்போது ஒன்று செய்யலாம். அருவிக் கரையில் நாம் கொண்டுபோன பிளாஸ்டிக் பை, பாட்டில், பழத்தோல் எதையும் விட்டுவராமல் எடுத்துக்கொண்டு வரலாம். சிறிய காரியந்தான். ஆனால் காப்பவர் காலில் விழுகிறேன் என்று ஒரு பாண்டிய மன்னன் கல்லில் எழுதிவைத்த ஊர் அது. கோவிலைக் காப்பவருக்கு உள்ள மரியாதையில் கொஞ்சம், தண்ணீரைக் காப்பவருக்கும் உண்டு.